மரக்கறித் தோட்டத்துக்கும் குடும்பத்துக்கும் ஒரே வான்: பாவித்த ‘ஃபோர் வீல்’ வான்களில் எதை எடுப்பது?

கந்தப்பளைத் தோட்டக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். கந்தப்பளைக்கு அருகே இரண்டு ஏக்கரில் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு பயிரிடுகிறேன். தார் வீதியிலிருந்து தோட்டத்துக்கு 700 மீற்றர் மண்பாதை சரிந்து இறங்குகிறது. இதுவரை அறுவடையை லேண்ட்மாஸ்டரில் (இரு சில்லு உழவு இயந்திரத்தில்) வீதிக்கு ஏற்றி, அங்கிருந்து வாடகை லொறியில் நுவரெலியா பொருளாதார மத்திய நிலையம் என்ற மரக்கறிச் சந்தைக்கு அனுப்பி வந்தேன். வாடகையும் ஏற்றியிறக்கும் கூலியும் போக மிஞ்சுவது குறைந்துகொண்டே வருவதால், சொந்தமாக ஒரு வான் எடுக்க முடிவு செய்திருக்கிறேன். மூன்று பிள்ளைகள், மனைவி, முழங்கால் நோவுள்ள அம்மா, நான் என வீட்டில் ஆறு பேர். பாடசாலைக்கும் கிளினிக்குக்கும் கோயிலுக்கும் அதே வான்தான் போக வேண்டும். இரண்டு வாகனம் வைத்திருக்க வசதியில்லை.

கையில் 50 இலட்சம் ரூபாய் இருக்கிறது. லீசிங் எடுக்க விருப்பமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டபோது விலை இறங்கும் என்று காத்திருந்தேன். வரிகளோடு வரும் வாகனங்கள் எனக்கு எட்டாது என்று தெரிந்தபின், நாட்டில் ஏற்கெனவே ஓடும் பழைய வான்களிலேயே தேடுகிறேன். இப்போதைக்கு மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன: 1992ஆம் ஆண்டு மிட்சுபிஷி டெலிகா பி25 டபிள்யூ, 1998ஆம் ஆண்டு டொயோட்டா டவுன்ஏஸ் நோவா டீசல், சுசுகி எவ்ரி டி.ஏ.17. மூன்றும் ‘ஃபோர் வீல்’, அதாவது நான்கு சில்லிலும் இழுவை உண்டு என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் இறங்கி ஏறவும் வேண்டும், அம்மாவும் பிள்ளைகளும் பயமில்லாமல் பயணிக்கவும் வேண்டும். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சில்லும் அச்சும்:

வணக்கம் தம்பி. முப்பது ஆண்டுகளாகக் கராஜ் வைத்திருக்கிறேன். வானைப் பற்றிப் பேசுமுன் உங்கள் பாதையைப் பற்றித் தெரிய வேண்டும். தோட்டம் வீதிக்குக் கீழே இருப்பதால் நீங்கள் வெறும் வானோடு இறங்கிப் பாரத்தோடு ஏறுவீர்கள். பாரத்தோடு ஏறும்போது எடை பின்சில்லுகளின்மேல் அழுந்துவதால், பின்சில்லு மட்டும் இழுக்கும் வான்கூட ஓரளவு பிடித்து ஏறிவிடும். வெறும் வானோடு ஈரச் சரிவில் பிரேக் பிடித்து இறங்கும்போதோ எடை முன்னுக்குப் போய், பின்பக்கம் இலேசாகிப் பக்கவாட்டில் இழுபடும். உங்கள் பாதையில் மிக மோசமான துண்டு எவ்வளவு நீளம், எவ்வளவு சரிவு, ஒரு தடவையில் எவ்வளவு நிறை ஏற்றப் போகிறீர்கள் என்பதைக் கண்மதிப்பாகச் சொல்லாமல் அளந்து சொல்லுங்கள்.

கந்தப்பளைத் தோட்டக்காரன்:

ஐயா, நேற்று கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து அளந்தேன். பாதையின் பெரும்பகுதியில் 10 மீற்றருக்கு 1 மீற்றர் இறக்கம் இருக்கிறது. ஒரேயொரு வளைவில், ஊற்றுத் தண்ணீர் குறுக்காக ஓடும் இடத்தில், ஏறத்தாழ 60 மீற்றர் தூரத்துக்கு 10 மீற்றருக்கு 2 மீற்றர் இறங்குகிறது. அங்கே மண்ணும் களிதான். கரட் பிடுங்கும் நாளில் 50 கிலோ மூட்டை 12 வரும். பாரத்தோடு குடும்பத்தை ஏற்றும் எண்ணம் இல்லை.

சில்லும் அச்சும்:

அளந்து சொன்னதற்கு நன்றி. முதலில் எவ்ரியை ஒதுக்கிவிடலாம். ஜப்பானின் கேய் வகை விதிக்குள், அதாவது 660 சீசீ எஞ்சின், 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம் என்ற எல்லைக்குள் செய்யப்படும் அந்தச் சரக்கு வானில் நால்வருக்குத்தான் இருக்கை உண்டு. இருவர் அமர்ந்தால் 350 கிலோவும், நால்வர் அமர்ந்தால் 250 கிலோவும் ஏற்றலாம் என்பது கம்பனிக் கணக்கு. ஒடுங்கிய தோட்டப் பாதைகளுக்கு அதைவிடக் கெட்டிக்கார வாகனம் குறைவு. ஆனாலும் உங்கள் ஆறு பேருக்கும் 12 மூட்டைக்கும் அது பொருந்தாது.

டெலிகாவும் நோவாவும் ‘ஃபோர் வீல்’ என்ற ஒரே பெயரைச் சுமந்தாலும் வேலை செய்யும் விதத்தில் வேறுபட்டவை. டெலிகா பி25 டபிள்யூவில் இருப்பது பகுதிநேர முறை. சாதாரண வீதியில் பின்சில்லுகள் மட்டும் இழுக்கும். சேற்றில் இரண்டாவது லீவரைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படும். அதற்கும் கீழே தாழ்கியர் ஒன்று உண்டு. தாழ்கியரில் எஞ்சின் ஏறத்தாழ இரு மடங்கு பலத்தோடு, பாதி வேகத்தில் ஊர்ந்து ஏறும். இறங்கும்போது பிரேக்கைத் தொடாமலே எஞ்சின் வானைப் பிடித்து வைக்கும். களிச் சரிவில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை. ஆனால் பூட்டிய நிலையில் காய்ந்த தார் வீதியில் திருப்பக்கூடாது. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடிய தூரம் ஓட வேண்டும். அந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்க நடுவில் எதுவும் இல்லாததால் முறுக்கம் முழுவதும் அச்சுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறும்.

நோவாவில் இருப்பது முழுநேர முறை. எந்த லீவரும் போட வேண்டியதில்லை. மழை வீதியிலும் பனிமூட்டத்திலும் தானாகவே வேலை செய்யும். குடும்பப் பயணத்துக்கு இதுவே நல்லது. ஆனால் தாழ்கியர் கிடையாது. மேலும் இவ்வகை வான்களில் ‘விஸ்கஸ் கப்ளிங்’ என்ற உருளை ஒன்று இருக்கும். அதற்குள் தட்டுகளுக்கிடையே சிலிக்கன் திரவம் நிரம்பியிருக்கும். சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் திரவம் சூடாகி விரிந்து தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும். முன்னும் பின்னும் வெவ்வேறு தேய்மானமுள்ள டயர்களைப் போட்டு ஓடினால் அது ஓய்வின்றி வேலை செய்து கெட்டுப்போகும். இதைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. காய்ந்த சீமெந்துத் தரையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, முதல் கியரில் ஆக்சிலேற்றரைத் தொடாமல் ஒரு வட்டம் போட விடுங்கள். யாரோ பிரேக் பிடித்திருப்பதுபோல் வான் முக்கினால் கப்ளிங் இறுகிவிட்டது. அந்த வானை எடுக்காதீர்கள்.

நிறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டும் எட்டுப் பேர் அமரும் பயணிகள் வான்கள். ஒருவருக்கு 55 கிலோ என்ற ஜப்பானியக் கணக்கின்படி அவை சுமக்கச் செய்யப்பட்டது 440 கிலோவே. 12 மூட்டையை ஒரே தடவையில் ஏற்றினால் முதல் நாளிலேயே ஒன்றும் உடையாது. ஆனால் இறக்கத்தில் பிரேக் சூடாகி, ஒரு வருடத்தில் பின் ஸ்பிரிங்கும் பெயரிங்கும் போய்விடும். ஆறு ஆறு மூட்டையாக இரண்டு தடவை போவதாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

வெலிமடை ஆசிரியை:

தம்பி, எங்கள் வீட்டிலும் ஒரே வானில்தான் உருளைக்கிழங்கும் பிள்ளைகளும் போய் வந்தோம். ஆகவே இருக்கைப் பக்கத்திலிருந்து நான் கண்டதை எழுதுகிறேன்.

டெலிகாவில் எஞ்சின் முன்னிருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது, முகப்பு தட்டையானது. சாரதியின் கால்களுக்கும் எதிரே வரும் வாகனத்துக்கும் நடுவில் ஒரு தகடு மட்டுமே நிற்கிறது. 1996இல் வந்த நோவாவிலும் எஞ்சின் இருக்கைக்கு அடியில்தான். இருந்தாலும் மோதலில் மடங்கிக் கொடுக்கக்கூடிய குட்டையான மூக்கு ஒன்று முன்னால் இருக்கிறது. றம்பொடை வளைவுகளில் எதிரே வரும் பஸ்களைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூக்கின் அருமை எனக்குத் தெரியும். பின்னிருக்கைகளில் ஆசனப்பட்டி இருக்கிறதா, இழுத்தால் பூட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய வான்களில் இருக்கைகளைக் கழற்றி மாட்டும்போது பட்டிகளை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் முகம் பார்த்து அமரும் இருக்கையில் பிள்ளைகளை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

அம்மாவுக்காகப் படியின் உயரத்தை அளவுநாடா கொண்டு அளந்து பாருங்கள். எங்கள் மாமியார் வைத்தியசாலை வாசலில் வானிலிருந்து இறங்க முடியாமல் அழுத நாள் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. வாங்கும் நாளில் நாங்கள் டயரைப் பார்த்தோம், எஞ்சினைப் பார்த்தோம், படியைப் பார்க்கவில்லை.

இன்னொன்று, இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். கிருமிநாசினிப் போத்தல்களையும் தெளிகருவியையும் குடும்பம் அமரும் அறைக்குள் வைக்காதீர்கள். தரைவிரிப்பில் ஒருமுறை ஊறிவிட்டால் எத்தனை தடவை கழுவினாலும் வெயில் ஏறியதும் அந்த நெடி எழும். மூடியுள்ள பெட்டி ஒன்றைக் கூரையில் பூட்டி, அதற்குள் மட்டும் கொண்டுபோங்கள். 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை நீக்கப்படும் வரையான மாதங்களில் நாங்கள் கோழி எருவை வானிலேயே ஏற்றினோம். அந்த ஒரு போகத்துக்குள் பின்தரையின் தகடு துருப்பிடித்துப்போனது, என் இளைய மகளுக்கு வானில் ஏறினாலே வாந்தி வரத் தொடங்கியது. தரைவிரிப்பைக் கழற்றிவிட்டுத் தடித்த இறப்பர் பாய் போட்டபிறகுதான் அந்த நிலை மாறியது.

பரந்தன் வயல்:

நான் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். 700 மீற்றருக்காக, அதுவும் ஆண்டில் சில மாதங்களுக்காக, கால் நூற்றாண்டுக்கும் மேல் பழைய ‘ஃபோர் வீல்’ வானை எடுத்து, இரண்டு மடங்கு உதிரிப்பாகத்தைப் பராமரிக்க வேண்டுமா? என்னிடம் பின்சில்லு மட்டும் இழுக்கும் ‘டொல்பின்’ எனப்படும் டொயோட்டா ஹயஸ் வான் ஒன்று இருக்கிறது. மாரியில் வயல் வரம்போரம் போவதற்கு ஆழமான பொத்தானுள்ள பின் டயர்களைப் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்தால் போதுமாக இருக்கிறது. மிக மோசமான நாளில் லேண்ட்மாஸ்டர் இருக்கிறதே. பழைய டொயோட்டா டீசலுக்கு இந்த நாட்டில் எந்தச் சந்தியிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் தண்ணீர்ப் பம்பி வாங்கலாம்.

சில்லும் அச்சும்:

பரந்தன் ஐயா சொல்வது அவருடைய மண்ணுக்குச் சரியானது. கிளிநொச்சிச் சமதரையில் வான் புதைந்தால் நின்ற இடத்தில் நிற்கும். லேண்ட்மாஸ்டர் கொண்டுவந்து இழுக்கலாம். கந்தப்பளைச் சரிவில் வழுக்கினால் அது கீழ்த்தட்டு வரை போகும். டயர்தான் முதலில் வேலை செய்கிறது என்பதை முழுமையாக ஏற்கிறேன். மொட்டை டயரோடு நான்கு சில்லும் இழுத்தால் நான்கும் சேர்ந்து வழுக்கும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்கும் தூரத்தையும் ‘ஃபோர் வீல்’ குறைக்காது என்பதைத் தம்பி நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஐயா எழுதியதிலிருந்து வேறொரு எண்ணம் வந்தது. 700 மீற்றரில் 640 மீற்றரை நோவா மழையிலும் சிரமமில்லாமல் கடக்கும். தாழ்கியர் தேவைப்படுவது அந்த 60 மீற்றருக்கு மட்டுமே. ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பாதைக்கு அடியால் கடத்திவிட்டு, சில்லு ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டும் கொங்கிறீட் போட்டு, காயுமுன் குறுக்கே கோடு கீறிவிட்டால், அந்த வளைவு இனித் தடையாக இருக்காது. அதன்பின் வானைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தை முன்னே வைத்துப் பார்க்கலாம்.

கந்தப்பளைத் தோட்டக்காரன்:

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்தப் பாதையை எங்களோடு மேலும் மூன்று குடும்பங்கள் பாவிக்கின்றன, பேசிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நோவாவைப் பார்க்கப் போகிறேன்.

வடபனி:

போகுமுன் இதையும் படியுங்கள். நான் ஹொக்கைடோவில் ஏழு ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவன். ஜப்பானில் ‘ஃபோர் வீல்’ வானைப் பெரும்பாலும் பனிப் பிரதேசத்தார்தான் வாங்குகிறார்கள். ஹொக்கைடோவிலும் தொஹொக்குவிலும் குளிர்காலம் முழுவதும் வீதிகளில் பனி உருகுவதற்காகக் கல்சியம் குளோரைட்டும் உப்பும் தூவுகிறார்கள். ஆகவே நமக்குப் பிடித்த அந்த நான்கு சில்லு வான்கள்தான் அடிப்பக்கம் அதிகம் உப்புத் தின்று வந்திருக்கும். மேலே வண்ணம் மின்னும். கீழே சேசிஸ் தகடு செதில் செதிலாக உரியும். பின் சில்லுவளைவின் உட்பக்கம், ஜக் வைக்கும் இடங்கள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு பூசியிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அடியில் படுத்திருக்கும்போதே, முன்சில்லுகளுக்கு இழுவையைக் கொண்டுபோகும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். எரிபொருள் மிச்சம் பிடிக்க அதைக் கழற்றிவிட்டு, பின்கதவில் ‘4 வீல்’ எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓடும் வான்களை நான் இங்கே பார்த்திருக்கிறேன்.

கந்தப்பளைத் தோட்டக்காரன்:

நோவாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அடிப்பக்கம் பெரிதாகக் கெடவில்லை, ஷாஃப்ட் இருந்தது. ஆனால் முற்றத்தில் வட்டம் போட விட்டபோது அரைவட்டத்திலேயே வான் முக்கி நின்றது. விற்பவர் பவர் ஸ்டியரிங் ஒயில் குறைவு என்றார். டயர்களைப் பார்த்தேன்: முன்னே புதியவை, பின்னே தேய்ந்தவை. ரேடியேட்டர் மூடியின் உள்ளே பழுப்புக் கசடு பிடித்திருந்தது. பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயரும் நீக்கப்படாமல் இருந்தது. வந்துவிட்டேன்.

டெலிகாவில் எல்லா லீவரும் ஒழுங்காக விழுந்தன. உரிமையாளர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். முன்கதவாலும் அவரால் ஏற முடியவில்லை, பக்கக் கதவாலும் ஏற முடியவில்லை; இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவர் எதுவும் பேசவில்லை.

சில்லும் அச்சும்:

வந்தது நல்லது. ரேடியேட்டர் மூடியில் கண்ட அந்தக் கசடு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைப் பற்றியது என்பதால், எனக்கு வட்டத்தைவிடப் பெரிய சங்கதி. நோவா டீசலில் இருக்கும் 3சி டேர்போ எஞ்சின், சூடு ஏறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பதற்குப் பெயர் போனது; கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதி அதற்குக் கடும் சோதனை. டெலிகாவின் 4டி56 எஞ்சினுக்கும் அதே குணம் உண்டு. அதோடு அதில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஓடும் பலன்ஸ் பெல்ட் அறுந்து உள்ளே போய் டைமிங் பெல்ட்டையும் கெடுத்துவிடும்.

ஆகவே இன்னொரு வழி சொல்கிறேன். அதே நோவாவில் எஸ்.ஆர்.50 என்ற பெற்றோல் வகை, 3எஸ் 2000 சீசீ எஞ்சினுடன் வந்திருக்கிறது. அதிலும் முழுநேர ‘ஃபோர் வீல்’ உண்டு. அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டுவதில்லை. வான் நிற்கும், பெல்ட்டை மாற்றி ஓட்டலாம். டீசல் வகையைவிடக் கூடிய எரிபொருள் குடிக்கும் என்பதால் இங்கே பலர் அதை விரும்புவதில்லை, விலையும் அதனால் சற்றுக் குறையும். நீங்கள் மாதத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுவீர்கள்?

கந்தப்பளைத் தோட்டக்காரன்:

சந்தைக்கும் பாடசாலைக்கும் சேர்த்து 700 தாண்டாது, ஐயா.

சில்லும் அச்சும்:

அந்த ஓட்டத்துக்கு, ஒரு ஹெட் வேலைக்குச் செலவாகும் பணத்தில் பல வருடத்துப் பெற்றோல் வித்தியாசத்தைக் கொடுத்துவிடலாம். பெற்றோலையே தேடுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் எஞ்சினில் உள்ளதும் ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மாற்றிய வான்கள் நிறைய இருக்கின்றன.

வெலிமடை ஆசிரியை:

காப்புறுதி எடுக்கும்போது சொந்த விளைச்சலை ஏற்றுவதையும் எழுதச் சொல்லுங்கள் தம்பி. இருக்கைகளுக்குப் பின்னால் இரும்பு வலை ஒன்று அடிக்க மறக்க வேண்டாம். சடுதியாகப் பிரேக் பிடித்தால் கோவாக் கூடை பிள்ளைகளின் தலையில்தான் வந்து விழும்.

கந்தப்பளைத் தோட்டக்காரன்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். பண்டாரவளைப் பக்கத்தில் 1999ஆம் ஆண்டு எஸ்.ஆர்.50 ஒன்று கிடைத்தது. ஓய்வுபெற்ற ஒருவருடையது, நான்கு டயரும் ஒரே வகை, ஒரே தேய்மானம். சீமெந்துத் தரையில் இரண்டு பக்கமும் முழு ஒடிப்பில் வட்டம் போட்டது, முக்கவில்லை. எஞ்சின் இலக்கம் பொருந்துகிறது. பின் சில்லுவளைவில் கை அகலத்துக்குத் துரு இருந்ததை வெட்டித் தகடு ஒட்டுவித்தேன். டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்பி, ரேடியேட்டர் குழாய்கள் எல்லாம் மாற்றியபின்னும் கையில் கொஞ்சம் மிஞ்சியது.

அந்த மிச்சம் வளைவுக்குப் போனது. நான்கு குடும்பமும் சேர்ந்து ஊற்றுக்குக் குழாய் வைத்தோம். பிறகு 60 மீற்றருக்கு இரட்டைத் தடம் போட்டோம். சீமெந்தை நான் வாங்கினேன், கல்லும் மணலும் அவர்கள் தந்தார்கள். கோடு கீறும் வேலையைப் பிள்ளைகள் செய்தார்கள். கூரையில் கிருமிநாசினிப் பெட்டி, தரையில் இறப்பர் பாய், இருக்கைக்குப் பின்னால் வலை எல்லாம் ஆயிற்று. பக்கக் கதவின்கீழே, தரையிலிருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில் மடக்கும் படி ஒன்று வெல்டிங் செய்வித்தேன். மண்பாதையில் அது இடிபடாமல் இருக்க மேலே மடித்துக் கொக்கி போடலாம்.

நேற்று விடிய மழை. ஆறு மூட்டை லீக்ஸோடு வளைவில் ஏறினேன். முதல் கியரில், சில்லு ஒருமுறையும் சுழலாமல் ஏறியது. பத்து மணிக்கு வானைக் கழுவி, அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். படியில் கால் வைத்து, கதவுக் கைபிடியைப் பிடித்து, அவரே ஏறி அமர்ந்தார்.